சமுத்திரம் வற்றிய ஊரில் மஞ்சள் பூ

பெங்களூரில் பொம்மசந்திரா, திப்பசந்திரா, சிங்கசந்திரா என்று எத்தனையோ சந்திராக்கள் இருக்கின்றன. நீலசந்திராவும் அவற்றில் ஒன்று. இந்தப் பெயர்களுக்கும் வானத்து நிலவுக்கும் உறவில்லை. ஏரியைக் குறித்த 'சமுத்திரம்' என்ற சொல் பேச்சில் தேய்ந்து 'சந்திர' ஆயிற்று என்பது ஊர்ப்பெயர்களை ஆராய்ந்தவர்கள் சொல்வது. நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரமும் கோபாலசமுத்திரமும் இருப்பதுபோல, இங்கேயும் நீர் தேக்கிய இடமெல்லாம் சமுத்திரமாக இருந்திருக்கிறது.

இன்றைய நீலசந்திராவில் நீர்நிலையைத் தேடினால் வீட்டுக்கு முன்னால் இருக்கும் சம்ப்தான் கிடைக்கும். ஆஸ்டின் டவுனுக்கும் விவேக்நகருக்கும் ஈஜிபுராவுக்கும் நடுவே சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகள். தண்ணீருக்கு இங்கே மூன்று பெயர்: காவேரி தண்ணி, போர் தண்ணி, டேங்கர் தண்ணி. செடி வைக்க ஆசைப்படுகிறவருக்கு மொட்டை மாடியில் சிண்டெக்ஸ் தொட்டிக்கும் துணி காயும் கொடிக்கும் இடையே கிடைக்கும் நாலடி இடம்தான் தோட்டம்.

அந்த நாலடிக்கும் 2024 மார்ச்சில் சோதனை வந்தது. முந்தைய ஆண்டுப் பருவமழை பொய்த்து, நகரின் ஏறக்குறைய 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் பாதி வற்றியதாக அரசே அறிவித்தது. குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் திறக்கப்பட்டு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி பிறந்தது உண்மைதான். ஆனால் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேட்டுக்கு ஏற்றி வரும் நீர் அது. அதைக் கொண்டு பெட்டூனியா வளர்ப்பது சரியா என்ற கேள்வி அந்தக் கோடையோடு பலர் மனத்தில் தங்கிவிட்டது. வறட்சியைத் தாங்கும் செடிகளை, அதிலும் விதை போட்டு வளர்க்கும் செடிகளை, மக்கள் விசாரிக்கத் தொடங்கியதற்கு அதுவே காரணம். விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது மஞ்சள் டெய்சியை. ஒரு புதர், புதர் நிறைய மஞ்சள் பூ, வாரம் ஒருமுறை தண்ணீர். இந்த ஆசை நிறைவேறுமா, நிறைவேறினால் எதைக் கொண்டு, என்ன விலை கொடுத்து என்பதை முழுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டெய்சி என்பது ஒரே ஒரு செடியின் பெயரல்ல. சூரியகாந்திக் குடும்பத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு; அவற்றில் விளிம்பில் இதழும் நடுவில் பொட்டும் வைத்துப் பூப்பவற்றையெல்லாம் டெய்சி என்று அழைக்கிறோம். நாம் ஒரு பூ என்று பறிப்பது உண்மையில் ஒரு கூட்டம். விளிம்பில் தெரியும் ஒவ்வொரு 'இதழும்' தனிப் பூ. நடுப் பொட்டில் இருப்பவை பத்துகளிலும் நூறுகளிலும் அடங்கும் குட்டிப் பூக்கள். அதேபோல் நாம் விதை என்று விதைப்பது முழுக் கனி. சூரியகாந்தி விதையை உடைத்துத் தின்னும்போது துப்புகிறோமே, அந்தத் தோல் கனியின் தோல். உள்ளே இருக்கும் பருப்புதான் விதை.

இதைச் சொல்வது பாடம் நடத்துவதற்காக அல்ல. பாக்கெட் விதை முளைக்கவில்லை என்ற புகாரில் பாதிக்கு விடை இதில்தான் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் பல செடிகள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. பக்கத்தில் வேறு செடியோ, கொண்டுவந்து சேர்க்கத் தேனீயோ இல்லாவிட்டால் கனித்தோல் மட்டும் வளர்ந்து உள்ளே பருப்பு இல்லாமல் போகும். நெல்லில் பதர் இருப்பதுபோலத்தான். பார்வைக்குத் தெரியாது. கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால் பதர் நசுங்கும், மணி எதிர்த்து நிற்கும். அழகான படம் போட்ட உறை ஒன்றில் நான் வாங்கிய ஐம்பது விதைகளை இப்படிச் சோதித்தபோது எதிர்த்து நின்றவை ஒன்பது. அந்த ஒன்பதில் ஏழு முளைத்தன. விதை நல்லதுதான், எண்ணிக்கைதான் பொய்.

அடுத்த பிழை ஆழத்தில் நேர்வது. அவரை, பூசணி போட்ட கை டெய்சி விதையையும் விரல்நுனி ஆழத்துக்கு அழுத்திவிடும். கடுகளவு விதைக்குள் அத்தனை தூரம் மேலே வர உணவு கிடையாது. தவிர, இவற்றில் பலவற்றுக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் எண்ணமே வரும். சலித்த செம்மண்ணும் தென்னைநார்த் தூளும் மக்கிய எருவும் கலந்து, மேலே தூவி, உள்ளங்கையால் மெல்ல அமுக்கிவிட்டால் போதும். தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டில் ஊற்றித் தொட்டியை அதில் வைத்தால் ஈரம் அடியிலிருந்து ஏறிவரும். விதையும் ஒரு மூலைக்கு அடித்துச் செல்லப்படாது. எறும்பு வந்து தூக்கிப் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. எங்கள் மாடியில் முளைக்காதவற்றைவிட எறும்பு கொண்டுபோனவை அதிகம்.

வறட்சியைத் தாங்கும் செடி என்ற பெயரில் இருக்கும் பெரிய ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. தாங்குவது வளர்ந்த செடி. நாற்று தாங்காது. இரண்டு இலைப் பருவத்தில் வேர் ஓர் அங்குலம்கூட இருக்காது. பெங்களூர் மார்ச் மாத வெயிலில் அந்த அங்குலம் ஒரு பிற்பகலில் காய்ந்துவிடும். 'தண்ணியே வேணாம்னு சொன்னாங்களே' என்று முதல் வாரத்திலேயே செடியைக் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆறு வாரம் குழந்தைபோலப் பார்க்க வேண்டும். அதன் பிறகு நாள் இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டி, ஊற்றும்போது அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்ற வேண்டும். தினமும் ஒரு டம்ளர் ஊற்றினால் வேர் அந்த டம்ளர் ஈரத்தைத் தேடி மேலேயே நிற்கும். நான்கு நாளுக்கு ஒருமுறை அரைக் குடம் ஊற்றினால் ஈரத்தைத் துரத்திக்கொண்டு கீழே போகும்.

விதையிலிருந்து வளர்ப்பதற்கு உண்மையான நியாயமும் வேரில்தான் இருக்கிறது. சித்தாபுராவில் லால்பாக் ஓரமாக இருக்கும் நர்சரிகளில் கிடைக்கும் புதர் டெய்சிகள் பெரும்பாலும் கிளை வெட்டி வேர் பிடிக்க வைத்தவை. சீக்கிரம் பூக்கும், தாயைப்போலவே இருக்கும். ஆனால் வெட்டிய கிளையிலிருந்து கிளம்புவது பக்கவேர்க் கொத்து. விதையிலிருந்து கிளம்புவது ஆணிவேர். தரையில் வைக்க இடம் இருப்பவருக்கு இந்த வேறுபாடு கோடையில் தெரியும். தொட்டியில் வைப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஏனென்றால் தொட்டிக்குள் எந்தச் செடியும் முழுமையாக வறட்சி தாங்கும் செடி ஆகாது. நிலத்தில் மூன்றடி இறங்கிப் பிழைக்கக் கற்ற வேர், பன்னிரண்டு அங்குலத்தில் பிளாஸ்டிக் சுவரில் முட்டி நிற்கிறது. கறுப்புத் தொட்டியாக இருந்தால் அந்தச் சுவரே சுடுகிறது. மாடித் தோட்டக்காரர் முதலில் செலவழிக்க வேண்டியது விதைக்கு அல்ல, ஆழமான, வெளிர் நிறத் தொட்டிக்கு. பழைய தண்ணீர் டிரம்மைப் பாதியாக அறுத்துச் சுண்ணாம்பு பூசினாலும் போதும்.

இனி எந்தச் செடி என்பது. நர்சரியில் மஞ்சள் டெய்சி கேட்டால் எடுத்துத் தருவது யூரியாப்ஸ். தென்னாப்பிரிக்கச் செடி, சாம்பல் பூத்த, சீப்புப்போலப் பிளந்த இலை, இடுப்புயரம் வளரும். பெங்களூரின் தொள்ளாயிரம் மீட்டர் உயரமும் மிதமான குளிரும் அதற்குப் பிடித்திருக்கிறது. இதன் உறவினங்கள் பல வாழும் கேப் பகுதிப் புதர்க்காடுகளில் ஒரு விந்தை உண்டு. அங்கே காடு தீப்பற்றி எரிந்த பிறகுதான் பல செடிகளின் விதை முளைக்கும். வெப்பம் ஒரு காரணம் என்று தெரிந்திருந்தது. புகையே தனியாக விதையை எழுப்புகிறது என்பதை டி லாங்கே, பௌச்சர் என்ற இருவர் 1990-இல் வெளியிட்டார்கள். புகையில் இருக்கும் அந்தப் பொருள் என்ன என்பது 2004-இல் தெரியவந்தது. இன்று புகை ஏற்றிய நீரில் விதையை ஊறவைத்து விதைப்பது அங்கே சாதாரணப் பழக்கம். நம் வீடுகளில் விதைச் சுரைக்காயையும் சோளக்கதிரையும் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார்களே, அது பூச்சியைத் தடுப்பதற்கு. நோக்கம் வேறு. ஆனாலும் விதையும் புகையும் அருகருகே இருக்கலாம் என்று நம் பாட்டிமார் கைக்குத் தெரிந்திருந்தது என்பதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தின் என்சீலியா இன்னொன்று. இலை முழுதும் வெள்ளை ரோமம். ஈரம் உள்ள காலத்தில் ரோமம் குறைந்த பச்சை இலை விடும். வறட்சி முற்ற முற்ற, அடர்ந்த ரோமத்தோடு வெளுத்த இலை விட்டு வெயிலைத் திருப்பி அனுப்பும். 1970-களில் எஹ்லரிங்கர் முதலான ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். படிக்க அருமையான செடி. நம் ஊருக்கு நான் சொல்ல மாட்டேன். ரோம இலையின் மேல் செப்டம்பர், அக்டோபர் மாத பெங்களூர் மழை நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடித்து அழுகும். ஆண்டுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஊர் இது. நம் வறட்சி பாலைவன வறட்சி அல்ல. நான்கு மாதம் கொட்டி, நான்கு மாதம் காயும் வறட்சி. இரண்டையும் தாங்குவதுதான் இங்கே பிழைக்கும்.

இரண்டையும் தாங்கி, ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்து, மலைச்சரிவையே மஞ்சளாக்கும் ஒரு செடி இருக்கவே இருக்கிறது: டித்தோனியா, காட்டுச் சூரியகாந்தி. மெக்சிகோவிலிருந்து புறப்பட்டு அழகுச் செடியாக உலகம் சுற்றியது. நீலகிரி, கொடைக்கானல் பாதைகளிலும் இலங்கையின் மலையகத்திலும் பார்த்திருப்பீர்கள். மேற்குக் கென்யாவில் இதன் இலையை வெட்டிப் பசுந்தாள் உரமாகப் போடுகிறார்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. புது விதை உடனே முளைக்காது, சில மாதம் உறங்கியே எழும். எழுந்த பிறகு நிறுத்த முடியாது. நீலசந்திரா மாடியில் ஒரு தொட்டியில் இது பூத்தால் காற்றும் மழைநீர்க் குழாயும் அதன் விதையை எங்கே கொண்டு சேர்க்கும்? மழைநீர் ஓடும் ராஜகால்வாய்க்கு. அங்கிருந்து பெல்லந்தூர் ஏரிக்கரைக்கு. இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்படி அஞ்சுவது மிகை என்று நினைப்பவர்களுக்கு பெங்களூரின் சொந்தக் கதையே இருக்கிறது. பார்த்தீனியமும் சூரியகாந்திக் குடும்பம்தான். பூ மட்டும் வெள்ளை. 1950-களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது, இருபதாண்டில் தக்காணத்தை மூடியது. 1975-இல் கர்நாடக அரசு சட்டப்படி அதைத் தீங்கு தரும் களையாக அறிவித்தது. ஒரு செடி பத்தாயிரத்துக்குமேல் விதை கொட்டும்போது அறிவிப்பு என்ன செய்யும்? தோலில் அரிப்பு, மூச்சிரைப்பு என்று இந்த ஊர் ஆஸ்பத்திரிகள் பார்த்த துன்பம் கொஞ்சமல்ல. 1984-இல் மெக்சிகோவிலிருந்து வரவழைத்த வண்டு ஒன்றை பெங்களூரில் விட்டார்கள். சைகோகிராமா என்பது அதன் பெயர். வெளிர்மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடுகள் போட்ட சிறு வண்டு. அது பெருகி, மழைக்காலத்தில் பார்த்தீனியத்தைக் காம்பு மட்டும் மிஞ்ச மொட்டையடித்தது. நல்ல செய்தி என்று ஊர் மூச்சுவிட்டபோது, 1991-இல் அதே வண்டு சூரியகாந்தி இலையைக் கடிப்பதாகத் தகவல் வந்தது. உழவர்கள் கலங்கினார்கள், விசாரிக்கக் குழு அமைந்தது. பக்கத்து வரப்பிலிருந்து பறந்துவந்த பார்த்தீனிய மகரந்தம் சூரியகாந்தி இலையில் படிந்திருந்ததால் வண்டு அதைக் கடித்திருக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. பெரிய சேதம் நேரவில்லை. ஒரு குடும்பத்துச் செடிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதற்கும், தப்பிய ஒரு விதையைத் திரும்பப் பிடிக்க எத்தனை ஆண்டு, எத்தனை பேர் உழைப்பு வேண்டும் என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டாம். குறைந்த நீரில் முளைத்து, மோசமான மண்ணில் நின்று, ஏராளமாக விதைப்பது என்று நாம் பாக்கெட்டின் மேல் தேடும் குணங்கள்தான் களையின் குணங்களும்.

நடைபாதை ஓரங்களில் பாய்போலப் படர்ந்து மஞ்சளாகப் பூக்கும் வெடேலியாவும் அந்த வகை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது; உலகின் மிக மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இதைப் பலர் வள்ளலார் போற்றிய கரிசலாங்கண்ணி என்று நம்பிப் பறித்துச் சமைக்கிறார்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணி இதன் நெருங்கிய உறவு, ஆனால் வேறு செடி. இலையைப் பார்த்தால் தெரியும்: வெடேலியா இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிளந்திருக்கும், கரிசலாங்கண்ணி இலை பிளவின்றி நீண்டிருக்கும். அது ஈரத்தில் வாழும் கீரை என்பதால் நம் கேள்விக்குள் வராது.

அப்படியானால் எதை விதைப்பது? எனக்கு விடை நர்சரியில் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து குடியிருக்கும் ஓர் அம்மா, நான் யூரியாப்ஸ் தொட்டியோடு படியேறுவதைப் பார்த்துவிட்டு, 'இதுக்கா காசு கொடுத்தே? எங்க ஊர்ல ராகிக் காட்டோரம் உச்செள்ளு இப்படித்தானே பூக்கும்' என்றார். உண்மையில் எனக்கு அப்போதுதான் உறைத்தது. கன்னடத்தில் ஹுச்செள்ளு. ஹுச்சு என்றால் பைத்தியம், எள்ளு எள்தான். தமிழில் பேயெள்ளு என்றும் சொல்வார்கள். எள்ளைப்போல எண்ணெய் தருகிறது, எள் குடும்பம் இல்லை. அதனால் இந்தப் பட்டம் போலும். சூரியகாந்திக் குடும்பம். எட்டு மஞ்சள் இதழும் நடுவில் மஞ்சள் பொட்டும் வைத்த அசல் டெய்சி.

இதுவும் வந்தேறிதான், பூர்வீகம் எத்தியோப்பிய மேட்டுநிலம். ஆனால் எத்தனையோ தலைமுறையாக ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் மானாவாரி நிலங்களில் விதைத்து அறுத்துப் பழகியது. ஓடிப்போய்க் காட்டை அடைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ராகிக்கு நடுவே வரிசை வரிசையாக மொச்சை, ஆமணக்கு, சோளத்தோடு அக்கடிச் சால் எனும் ஊடுபயிர் வரிசையில் இதையும் போடுவார்கள். மாடு அவ்வளவாக வாய் வைக்காது என்பதால் வரப்போர வேலியாகவும் நிற்கும். ஒடிசாவின் கோராப்புட்டிலும் சத்தீஸ்கரிலும் பழங்குடி மக்களின் எண்ணெய் வித்து இதுவே. விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய். வறுத்துப் பொடித்த ஹுச்செள்ளுச் சட்னி இல்லாமல் வடகர்நாடக ரொட்டிக்குப் பெருமை இல்லை. நம் பக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் ஆராய்ச்சி நிலையம் பையூர் 1 என்ற ரகத்தைத் தந்திருக்கிறது. ஆனாலும் சாகுபடிப் பரப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 9,537 ரூபாய் ஆதரவு விலை வைத்து, அந்த ஆண்டு எல்லாக் காரிப் பயிரையும்விட அதிகமாக 820 ரூபாய் உயர்த்தியிருக்கிறது. விலை ஏறியும் வரப்பில் பூ குறைகிறது என்பது வருத்தம் தருகிறது.

இது புதர் அல்ல, ஓராண்டுச் செடி. அதைக் குறையாகக் கருதுவோர் உண்டு. மாடிக்கு அது வசதி என்பேன்: ஆடியில் விதைத்தால் மழையே பாதி நீரை ஊற்றிவிடும், ஐப்பசியில் இடுப்புக்கு மேலே மஞ்சள், மார்கழிக்குள் விதை கைக்கு வரும், நீர் தட்டும் கோடையில் தொட்டி காலியாக இருக்கும். பொழுது குறையும் காலத்தில் பூக்கும் குணம் இதற்கு. மாசி பங்குனியில் விதைத்தால் இலை தழைத்து நிற்கும், பூ தள்ளிப்போகும். விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும். ஒரு கிராமில் இருநூறுக்குமேல் விதை இருக்கும் என்பதால் ஒரு சிட்டிகை ஒரு மாடிக்குப் போதும். முளைத்த பின் கலைத்து, சாணுக்கு ஒன்றாக நிறுத்த வேண்டும். கலைப்பதற்கு மனம் வராது; வந்தே ஆக வேண்டும்.

விதை வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. கிராமச் சந்தையிலோ வேளாண் நிலையத்திலோ வாங்குவது நல்லது. வெளிநாட்டில் பறவைத் தீனியாக விற்பது இதே விதைதான்; ஆனால் அமெரிக்கா போன்ற நாடுகள் அதைச் சூடேற்றிக் கொன்ற பிறகே உள்ளே விடுகின்றன, முளைக்காது. சூடேற்றுவதற்குக் காரணம் தங்கக்கொடி என்னும் ஒட்டுண்ணி. இலையில்லாத மஞ்சள் நூல்போலச் செடியைச் சுற்றி உறிஞ்சும். அதன் விதை இதனோடு கலந்தே வரும். உருண்டையாக, மண் நிறத்தில், இன்னும் சிறிதாக இருக்கும். உச்செள்ளு நீண்டு கறுத்துப் பளபளக்கும். வெள்ளைத் தாளில் பரப்பிப் பொறுக்குவதற்குக் கால் மணி நேரம் ஆகாது.

ஒற்றைச் செடி வைத்தால் பதர்தான் விளையும். தன் மகரந்தத்தை ஏற்காத செடி இது. பத்துப் பதினைந்தாவது அருகருகே வேண்டும், தேனீயும் வேண்டும். நீலசந்திராவில் தேனீ எங்கே என்று கேட்டார்கள். பூத்த நான்காம் நாள் கொம்புத்தேனீ வந்தது, அடுத்துப் பொந்துத்தேனீ வந்தது. மூன்று தெரு தள்ளி எந்தக் கிளையில், எந்தச் சுவர் இடுக்கில் இருந்தனவோ, எனக்குத் தெரியாது.

பல ஆண்டு நிற்கும் மஞ்சள் புதர்தான் வேண்டும், டெய்சி வடிவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவருக்கு ஆவாரை இருக்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட கிருஷ்ணகிரிப் பக்கத்தார் எதைத் தேடி அலைகிறார்களோ அதே ஆவாரை. இதன் விதைத்தோல் கல்போல இருக்கும். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்தால் முளைக்கும். நேராகப் பெரிய தொட்டியில் விதைக்க வேண்டும், பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. முதல் பூவுக்குப் பொறுமை வேண்டும்.

நீர் பற்றி ஒரு வார்த்தை. அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், ஏ.சி. சொட்டும் நீர் எல்லாம் இந்தச் செடிகளுக்குப் போதும். ஆர்.ஓ. கழிவு நீரையும் துவைத்த நீரையும் நாற்றுக்கு ஊற்றக் கூடாது. உப்பு ஏறிய மண்ணில் நீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. செடி தண்ணீருக்குள்ளேயே வறட்சி காணும்.

மார்கழியில் உச்செள்ளின் பூத்தலை கருகத் தொடங்கியதும், முழுதும் காய்ந்து கொட்டும்வரை காத்திருக்காமல் அறுத்து, பழைய வேட்டியில் பரப்பி நிழலில் காயவைத்துத் தட்ட வேண்டும். தாமதித்தால் சில்லைக் குருவிகள் முந்திக்கொள்ளும். எங்கள் மாடியில் சென்ற முறை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதி வந்தது. சாம்பல் கலந்து மூடி வைத்தேன். ராயக்கோட்டை அம்மா தைக்கு ஊருக்குப் போகும்போது தன் தம்பி இந்த வருஷம் வரப்பில் போட விதை இல்லை என்றார் என்று சொல்லி, இரண்டு கை கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.